சவரத் தூரிகையும் இரண்டு சுத்தங்களும்

அச்சுவேலிச் சந்தையடியிலுள்ள ஒரு பான்சிக் கடையில் நானும் என் நண்பரும் நின்றிருந்தோம். நண்பர் யாழ்ப்பாணச் சோனகத் தெருவைச் சேர்ந்தவர். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே வகுப்பில் பயின்றவர். சவரம் செய்யும் தூரிகை ஒன்றை எடுத்து, அதன் மயிரை விரலால் நீவிப் பார்த்தவர், மெல்ல என் காதருகில் கேட்டார்: “மச்சான், இது என்ன மிருகத்தின்ர மயிரெண்டு கடைக்காரரிட்டக் கேட்பமா?”

கடைக்காரர், “நல்ல மயிர் ஐயா, கனகாலம் பாவிக்கலாம்” என்றார். நண்பருக்கு வேண்டியிருந்த விடை அதுவல்ல. தூரிகையை வைத்துவிட்டு நைலோன் இழைத் தூரிகை ஒன்றை வாங்கினார். திரும்பி வரும் வழியில் விளக்கினார். ‘பிரிசில்’ என்று உறையில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் பன்றி மயிர். நம் நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி அது கடும் நஜீஸ். ஈரத்தோடு முகத்தில் பட்டால் ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். ஹனபி மத்ஹபின் அறிஞர்கள் தோல் தைப்பவர்களுக்கு மாத்திரம், வேறு வழியில்லை என்பதற்காக, பன்றி மயிரைப் பயன்படுத்த இடங்கொடுத்தார்கள் என்பதையும் சொன்னார்.

“கொதிதண்ணியில அவிச்செடுத்தாலும் சரிவராதோ?” என்று கேட்டேன். “கிருமி போகும், நஜீஸ் போகாது” என்றார். இந்த ஒரு வசனம்தான் என்னை இக்கட்டுரைக்குள் இழுத்துவந்தது. சுத்தம் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம். அவற்றைக் குழப்பிக்கொண்டபோதெல்லாம் மனிதர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். சவரத் தூரிகையின் வரலாறே அதற்குச் சாட்சி.

பன்றி மயிர் அல்ல என்றால் அச்சமில்லை என்று நினைக்கலாம். ஆனால், நூறாண்டுகளுக்கு முன்னர் ஆட்களைக் கொன்ற தூரிகைகள் குதிரை மயிரால் செய்யப்பட்டவை.

முதலாம் உலகப் போருக்கு முன்னர் உயர்ந்த தூரிகை என்றால் ‘பாட்ஜர்’ எனப்படும் வளைதோண்டி விலங்கின் மயிரால் செய்யப்பட்டதுதான். பிரெஞ்சு மொழியில் அவ்விலங்குக்கும் தூரிகைக்கும் ‘பிளேரோ’ என்று ஒரே பெயர். ரஷ்யாவிலிருந்து இம்மயிர் ஜேர்மனிக்குப் போய், அங்கே தொற்று நீக்கப்பட்டு, பிறகே பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேரும். 1914இல் போர் மூண்டது. ஜேர்மன் வழி அடைபட்டது. அதேவேளை தூரிகைக்கான தேவையோ பலமடங்காகப் பெருகியது. நச்சுவாயு முகமூடி முகத்தோடு ஒட்டிப் பொருந்த வேண்டுமானால் படைவீரன் தாடி வளர்க்க முடியாது. அமெரிக்க இராணுவம் ஜில்லெட் நிறுவனத்திடமிருந்து மாத்திரம் சுமார் 35 இலட்சம் சவரக் கருவிகளை வாங்கியது. கருவியிருந்தால் தூரிகையும் வேண்டும் அல்லவா?

அந்த இடைவெளியை நிரப்பியது மலிவான குதிரை மயிர். சைபீரியாவிலும் சீனாவிலும் திரட்டப்பட்ட மயிர், யப்பான் ஊடாகவும் நேரடியாகவும் மேற்கே போனது. பாட்ஜர் மயிர்போலத் தோன்றும்படி சாயமிட்டார்கள். தோற்றத்தைத் திருத்தினார்கள், தொற்றை நீக்கவில்லை. மயிரோடு கூடவே அந்த்ராக்ஸ் நோயின் வித்திகளும் பயணம் செய்தன.

நமது ஊரில் மாடு வளர்ப்போர் ‘அடைப்பான்’ என்று சொல்லும் நோய்தான் அந்த்ராக்ஸ். கிரேக்கத்தில் இச்சொல்லுக்குக் கரி என்று பொருள். தோலில் தொற்றினால் முதலில் சொறிவுடன் ஒரு பரு, பின்பு கொப்புளம், அதன்பின் வலியில்லாத கரும்பொருக்கு. அரபு மொழியிலும் இதன் பெயர் ‘அல்ஜம்ரா அல்கபீஸா’, அதாவது தீய தணல். பாரசீக நெருப்பு என்ற ஒரு பெயரும் பழைய அரபு மருத்துவத்தில் உண்டு. அக்காலத்தவர் பல புண்களை இப்பெயர்களால் அழைத்திருக்கலாம் எனினும், எரிந்து கரியாகும் புண் என்ற காட்சி எல்லா மொழியினரின் கண்ணிலும் ஒன்றாகவே பட்டிருக்கிறது.

1876இல் ஜேர்மனியரான றொபேட் கொக், இந்நோயை உண்டாக்கும் பற்றீரியாவின் வாழ்க்கை வட்டத்தை விளக்கினார். வாழ்வதற்குச் சூழல் ஒவ்வாதபோது அது வித்தியாக மாறி உறங்கும். மண்ணிலும் தோலிலும் மயிரிலும் பல்லாண்டுகள் அப்படியே கிடக்கும். ஈரமும் குருதியும் கிடைத்தால் மறுபடி விழிக்கும். சவரக்கத்தி கன்னத்தில் கீறிய ஒரு சிறு கீறல் அதற்குப் போதும். அதனால்தான் நோய் தலையிலும் கழுத்திலும் முகத்திலும் வந்தது. போர்க்காலத்திலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் அமெரிக்கப் படையினர், பிரித்தானியப் படையினர், பொதுமக்கள் எனத் தூரிகையால் நோயுற்றவர்கள் இருநூறுக்கும் அதிகம். பெனிசிலின் வராத காலம் அது. பலர் இறந்தனர்.

பிரித்தானியா 1919இல் அந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1920இல் யப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 1921இல் லிவர்பூல் துறைமுகத்தில் அரச கம்பளித் தொற்றுநீக்கு நிலையம் திறக்கப்பட்டது. தொழிற்சாலைப் பரிசோதகரான டக்கரிங் வகுத்த முறை அங்கே கையாளப்பட்டது. முதலில் சோடாவும் சவர்க்காரமும் கலந்த இளஞ்சூட்டு நீரில் கழுவிப் பிழிவார்கள். அதனால் மயிரைச் சுற்றியுள்ள கொழுப்பும் உலர்ந்த குருதியும் கரையும். அதன் பிறகே இளஞ்சூடான போமலின் கரைசலில் அமிழ்த்துவார்கள். இறுதியில் சூடான காற்றில் உலர்த்துவார்கள். இந்த ஒழுங்கு முக்கியமானது. அழுக்கை நீக்காமல் மருந்தை ஊற்றினால் அழுக்கே வித்திக்குக் கவசமாகிவிடும். முதலில் கழுவு, பிறகு கொல் என்பதே அதன் சாரம். இன்றைக்கும் சத்திரசிகிச்சைக் கூடம்வரை அதுதான் விதி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சட்டங்கள் எல்லாம் தூரிகையால் மாத்திரம் வந்தவையல்ல. பிராட்போர்ட் நகரத்தின் கம்பளி ஆலைகளில் மயிர் பிரிக்கும் கூலித் தொழிலாளர்கள் அரை நூற்றாண்டாக இதே நோயால் செத்துக்கொண்டிருந்தார்கள். ‘கம்பளி பிரிப்போர் நோய்’ என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். மருத்துவர் யூரிக் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்காகச் செலவிட்டார். தொழிலாளியின் நுரையீரலில் இருந்தவரை அது ஓர் ஆலையின் நோய். கனவான்களின் கன்னத்திற்கு வந்தபோது அது நாட்டின் நோயாயிற்று.

நோய் வந்தால் முதலில் யார்மீது சந்தேகம் விழும்? நாவிதர்மீதுதான். ஆனால் இந்த வழக்கில் குற்றவாளி புத்தம்புதிய தூரிகை. தொற்று நீக்காமல் அனுப்பிய வணிகமும், விலையைப் பார்த்து வாங்கிய அரசுகளுமே பொறுப்பாளிகள்.

நாவிதரின் சுத்தம் பற்றி இஸ்லாமிய உலகம் வெகுகாலத்துக்கு முன்னரே யோசித்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைகளை மேற்பார்வை செய்யும் முஹ்தஸிப் என்ற அதிகாரிக்காக ஒரு கையேடு எழுதினார். அதில் நாவிதருக்கும் இடமுண்டு. கத்தி கூராக இருக்க வேண்டும். கை லேசாக இருக்க வேண்டும். தொழிலுக்கு வரும் நாளில் வெங்காயம், உள்ளி முதலியவற்றை உண்டு வாய்நாற்றத்தோடு வரக்கூடாது. நாவிதரை ஒரு தொழில் வல்லவராகக் கருதி, அந்தத் தொழிலுக்குரிய ஒழுங்கை எதிர்பார்க்கிறது இக்கையேடு. அவரது பிறப்பை அது கேட்கவில்லை.

எங்கள் யாழ்ப்பாணம் பிறப்பைத்தான் கேட்டது. தகரப் பெட்டியோடு வீடு வீடாகப் போன தொழிலாளி முற்றத்துக்கு அப்பால் ஏறமுடியாது. அவருக்குத் தண்ணீர் வேறு பாத்திரத்தில். செத்தவீட்டில் துடக்குக் கழிக்க அவர் வேண்டும். ஆனால் அவரே துடக்கு. பிறகு சலூன்கள் வந்தபோது, அதே சமூகம் ஒடுக்கப்பட்ட வேறு மக்களைச் சலூன் கதிரையில் இருத்தக் கூடாதென்று தொழிலாளியை நிர்ப்பந்தித்தது. ஒரே தூரிகையால் பத்துக் கன்னங்களுக்கு நுரை பூசுவதில் அன்று எவரும் அசுத்தம் காணவில்லை. பதினோராவது கன்னம் யாருடையது என்பதில்தான் கண்டார்கள். படர்தாமரையும் கன்னத்துப் புண்ணும் சாதி பார்த்துப் பரவுவதில்லை என்பதை எந்தப் பெரியவரும் எடுத்துச் சொல்லவில்லை. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்த பின்னும் போராட்டங்கள் வேண்டியிருந்தன.

அந்தத் தொழிலிலிருந்து எழுந்து வந்தவர்தான் டொமினிக் ஜீவா. இந்த இதழின் வாசகர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1927இல் பிறந்து 2021இல் மறைந்தார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்காகச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கியபோது அதன் அலுவலகம் கஸ்தூரியார் வீதி ஜோசப் சலூன்தான். ஒரு கையில் கத்தியும் மறு கையில் அச்சுப் பிரதியுமாக அவர் நின்ற அந்த இடத்தில் சாதி, மதம் பாராமல் எழுத்தாளர்கள் கூடினர். ஈழத்து முஸ்லிம் எழுத்தாளர் பலர் மல்லிகையில் எழுதினர். அசுத்தமானவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவரின் தொழிற்கூடம், ஈழத்து இலக்கியத்தின் பொதுக்கூடமாயிற்று.

முஸ்லிம் வாசகர்களிடமும் உரிமையோடு ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ‘ஒஸ்தா’ குடும்பங்களின் கதையையும் யாராவது முழுமையாக எழுத வேண்டும். பிள்ளையின் முதல் முடியை இறக்கவும், சுன்னத்துக்கும் அவர்களை அழைத்த சமூகம், சம்பந்தம் பேசும்போது தயங்கியது என்பதை நண்பரே என்னிடம் ஒத்துக்கொண்டார். மார்க்கத்தில் இல்லாத தீட்டு எப்படியோ வழக்கத்தில் நுழைந்துவிடுகிறது.

சுத்தம் என்ற சொல்லின் மிகக் கொடிய பாவனையை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். வடமாகாணம் முழுவதிலுமாக 70,000க்கு மேற்பட்டோர் விரட்டப்பட்டனர். நண்பருக்கு அப்போது வயது பத்து. எனக்கும் அதே வயதுதான். அச்சுவேலியில் நாங்கள் அதைப் பற்றிக் குரலெடுத்துப் பேசவில்லை. சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமமே மழையில் நனைந்தபடி தென்மராட்சி நோக்கி நடந்தபோது, ஊரைவிட்டுப் போவது என்றால் என்னவென்று எங்களுக்கும் விளங்கியது. இரண்டும் ஒன்றல்ல. எங்களில் பெரும்பாலானோர் சில மாதங்களில் திரும்பிவிட்டோம். நண்பரின் குடும்பம் புத்தளத்து ஓலைக்குடிசையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. உலகம் இவ்வகை வெளியேற்றத்துக்கு ‘இனச்சுத்திகரிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறது. கிருமிக்குரிய சொல்லை மனிதனுக்குச் சொல்லும்போது அடுத்து என்ன நடக்கும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

பொருளாதாரத் தடை இருந்த அந்த ஆண்டுகளில் சவர்க்காரம் அருமையாயிற்று. பனங்களியில் துணி தோய்த்தோம். எங்கள் ஊர்ச் சலூன்காரர் ஒருவர் தூரிகையை நாளாந்தம் கழுவி, பால்மாத் தகரத்தில் கொதித்த வேப்பிலைத் தண்ணீரை ஆறவிட்டு, அதில் ஊறவைத்து வெயிலில் தொங்கவிடுவார். சிறுவனாக அதைப் பார்த்திருக்கிறேன். அது வித்தியைக் கொன்றிராது. ஆனால் தன்னிடம் வருபவனுக்குத் தன்னால் தீங்கு வரக்கூடாது என்ற எண்ணம் அந்தத் தகரத்தில் கொதித்தது.

இன்று நாம் செய்யக்கூடியவை எளியவை. தூரிகையை ஒருவருக்கு ஒன்றாக வைத்திருப்பது முதலாவது. சவரம் முடிந்ததும் நுரை எஞ்சாமல் இளஞ்சூட்டு நீரில் அலசி, உதறி, மயிர் கீழ்நோக்கித் தொங்க, காற்றுப்படும் இடத்தில் முற்றாக உலரவிட வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். பொதுவான தொற்றுக்கு 70 வீத அற்ககோல் உதவும். வித்தியிடம் அது செல்லாது. இன்று விற்கப்படும் புதுத் தூரிகைகளால் அந்த்ராக்ஸ் வரும் அபாயம் மிகக் குறைவு என்றும், நூறாண்டுப் பழமையான மயிர்த் தூரிகைகளை ஆசைக்காகவும் பாவிக்க வேண்டாம் என்றும் 2017இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலைய ஆய்வாளர்கள் எழுதினர். சலூனில் இப்போது அஞ்ச வேண்டியது தூரிகையைவிட மாற்றப்படாத பிளேட்டையே. ஈரலழற்சி வைரசும் எச்.ஐ.வி.யும் அதன் வழியாக வரலாம்.

நண்பரின் ‘கிருமி போகும், நஜீஸ் போகாது’ என்ற வசனத்துக்கு மறுபடி வருகிறேன். மண்ணால் கழுவுவதில் கிருமிநாசினி இருக்கிறது என்று நிறுவ முயல்வோர் உண்டு. அது தேவையில்லை என்பதே என் எண்ணம். அந்த்ராக்ஸ் வித்தி உறங்குவதே மண்ணில்தான். மார்க்கத்தின் சுத்தம் இறைவன் முன் நிற்பதற்கானது; மருத்துவத்தின் சுத்தம் அடுத்த மனிதனுக்குத் தீங்கு செய்யாமலிருப்பதற்கானது. ஒன்று மற்றொன்றுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டும் பொருளுக்கும் உடலுக்கும் உரியவை. மனிதனின் பிறப்புக்கு உரிய சுத்தம் என்று மூன்றாவது ஒன்று இல்லை.

நண்பர் வாங்கிய நைலோன் தூரிகை இப்போது சோனகத் தெருவில், திரும்பக் கட்டிய வீட்டின் கிணற்றடியில் ஓர் ஆணியில் தொங்குகிறது. போன கிழமை போயிருந்தபோது பார்த்தேன். மயிர் கீழ்நோக்கித்தான் தொங்கியது.