மேடை மன்றமும் மெய் மன்றமும்

நீதிமன்றக் காட்சி வந்துவிட்டால் நாம் நிமிர்ந்து அமர்கிறோம். ஏன்? வாழ்வில் வாய் திறக்க முடியாத ஏழை, அங்கே கூண்டேறி முழங்கக் காண்கிறோம்!

1952இல் வந்த 'பராசக்தி'யில், கலைஞர் கருணாநிதி தீட்டிய உரையாடலால் குணசேகரன் தனக்குத் தானே வாதாடினான். நீதிபதியோ அவன் உடன்பிறந்த அண்ணன்! 1984இல் 'விதி' வந்தது. காதலித்துக் கைவிட்டவனை ஒருத்தி மன்றத்திற்கு இழுத்தாள். அவளுக்காக வாதாடியவரும் பெண்ணே. அவ்வழக்கு ஒலிநாடாவாகித் தேநீர்க் கடைதோறும் ஒலித்தது.

திரையில் ஒரு முழக்கம், உடனே தீர்ப்பு. மெய் மன்றத்திலோ?

1993இல் முதனை என்னும் சிற்றூரின் குறவர் குடியினரான ராசாக்கண்ணு, திருட்டுப் பழி சுமத்தப்பட்டு, கம்மாபுரம் காவல் நிலையத்தில் வதைபட்டு மாண்டார். அவர் துணைவியார் அஞ்சி அடங்கினாரில்லை. அவருக்காக வழக்குரைஞர் சந்துரு உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை வாதாடினார். காவலர்களை உயர்நீதிமன்றம் தண்டித்ததோ 2006இல்! பதின்மூன்று ஆண்டுகள், தோழர்களே! 2021இல் வந்த 'ஜெய் பீம்' அக்கதையை மூன்று மணி நேரத்திற்குள் முடித்தது. குறவரை இருளராகவும் மாற்றிற்று.

2004இல் மதுரைக் கிளை தோன்றும்வரை, கறம்பக்குடி ஏழைக்கு உயர்நீதிமன்றம் என்றால் சென்னைதான். இன்று தொலைவு குறைந்தது. காவல் நிலையத்தைக் கண்டால் எழும் அச்சம் குறைந்ததா?

திரை கண்டு கலங்கும் கண்கள் மட்டும் போதா. எழுத்தறியாதவர்க்கு மனு எழுதித் தந்து, வாய்தாதோறும் உடன் செல்லும் இளைஞர் ஊர்தோறும் வேண்டும். அப்பணியை நாம் ஏற்போம்!