வாத்தியார் என்று யாரும் எழுதவில்லை

1927 நவம்பரில் சென்னை சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பெண் குழந்தைகளுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டுவதைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். சபை ஏற்றுக்கொண்டது. அதை ஒட்டி, யாரைப் பற்றி அங்கே பேசினார்களோ அந்தப் பெண்களே ஒரு சங்கமாகக் கூடினார்கள். சென்னை மாகாணத்துத் தேவதாசிகள் என்ற பெயரில், அரசின் சட்ட உறுப்பினர் சர் சி.பி. ராமசாமி ஐயருக்கு நீண்ட விண்ணப்பம் ஒன்றை எழுதி அச்சடித்துக் கொடுத்தார்கள்.

அந்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் தற்காப்பு வாதங்களோடு நின்றுவிடுகிறார்கள். ஆகமங்களைச் சான்றாகக் காட்டியது, தேவதாசி என்ற சொல்லையும் வேசி என்ற சொல்லையும் ஒன்றாக்காதீர்கள் என்று மன்றாடியது, இதெல்லாம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டாயிற்று. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அவர்கள் கேட்ட பொருள். எங்களுக்குக் கல்வி கொடுங்கள் என்று கேட்டார்கள். சமயக் கல்வி, இலக்கியக் கல்வி, கலைக் கல்வி. அதைக் கொடுத்தால் பழைய மதிப்பை நாங்களே மீட்டுக்கொள்வோம் என்றார்கள். இப்போதைய மொழியில் சொன்னால், தடை செய்யாதே, பள்ளிக்கூடம் கட்டிக்கொடு. ஒரு தொழிலில் இருப்பவர்கள் ஒன்றுகூடி அரசிடம் வைத்த நியாயமான கோரிக்கை இது. நடனம் தெரிந்தவர்களும் சொல்லிக்கொடுத்தவர்களும் சேர்ந்து அமைத்த சங்கங்களில் நாம் அறிந்த ஆரம்ப காலத்துச் சங்கம் என்று இதைச் சொல்லலாம். ஆனா எந்தப் புத்தகமும் இதை ஆசிரியர் சங்கம் என்று வகைப்படுத்துவதில்லை.

இந்த எதிர்ப்பில் முன்வரிசையில் நின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பிறந்தது 1878இல், மைசூர் சமஸ்தானத்து நஞ்சன்கூட்டில். அந்த ஊரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1909இல் மைசூர் அரசு தன் நிர்வாகத்தில் இருந்த கோயில்களில் தேவதாசிகளின் பணியை நிறுத்தியபோது, நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலின் நடனப் பெண்களும் தங்கள் உரிமைக்காக மனுப் போட்டிருந்தார்கள். அது எடுபடவில்லை. சென்னை மாகாணம் பேச ஆரம்பிப்பதற்குப் பதினெட்டு வருடம் முன்பே பக்கத்து சமஸ்தானத்தில் ஒரு முறை எல்லாம் நடந்து முடிந்துவிட்டது: மனு, நிராகரிப்பு, தடை.

இது எவ்வளவு பக்கம் என்பது கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று புரியும். குருபரப்பள்ளியிலிருந்து நெடுஞ்சாலையில் மேற்கே போனால் சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி. அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். அந்தக் காலத்தில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில், அதாவது பிரிட்டிஷ் சென்னை மாகாணத்தில் இருந்தன; எல்லைக்கு அந்தப் பக்கம் மகாராஜாவின் மைசூர். இன்றைக்கு சிப்காட் பஸ்ஸில் ஏறினால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும் இந்த வட்டாரத்தின் குறுக்கே, 1909க்கும் 1947க்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு மேற்கே கோயிலில் ஆடுவது நிறுத்தப்பட்ட பணி. கிழக்கே அது இன்னும் மானியம் உள்ள வேலை.

மானியம் என்பதுதான் இதில் கணக்கு. கோயில் பணிக்கு ஈடாக நிலம் அல்லது நிலத்தின் வரி வருமானம். பணி இருக்கும்வரை நிலம் இருக்கும். ஆகவே அடுத்த தலைமுறையில் ஒரு பெண் பொட்டுக் கட்டிக்கொள்ளாவிட்டால் குடும்பத்தின் சோறு போய்விடும். முத்துலட்சுமி ரெட்டி இந்த முடிச்சைச் சரியாகப் பார்த்தார். 1929இல் வந்த சட்டத் திருத்தம் நிலத்தையும் பணியையும் பிரித்தது. பணி செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களிடமே நிற்க வழி செய்தது. அவரை வெறும் ஒழுக்கப் போலீஸாகச் சித்திரிக்கும் சமீபத்திய கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவருடைய தாய் சந்திரம்மாள் இதே சமூகத்தில் பிறந்தவர். 1930இல் நாமக்கல்லிலிருந்து தேவதாசிக் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் மூன்று பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சென்னையின் விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்தவர். இவர்கள் சொன்ன கொடுமைகள் கற்பனை அல்ல. பத்து வயதுப் பெண்ணுக்கு எதிர்காலத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஏற்பாட்டுக்கு எந்த ஆகமமும் பதில் ஆகாது.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று பொட்டுக் கட்டு. இன்னொன்று பாடம். சட்டமும் சட்டசபையும் முதலாவதை மட்டுமே பார்த்தன.

சதிரில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பார்த்தால் இது தெளிவாகும். அடவும் ஜதியும் நட்டுவனாரிடம். அவர் ஆண், தட்டுக்கழி அவர் கையில், கச்சேரியில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் நிற்கிறார், வரும்படியில் அவருக்குப் பங்கு உண்டு. பதம், ஜாவளி, அபிநயம், பாட்டின் நெளிவு சுளிவு எல்லாம் பெரும்பாலும் வீட்டில், பாட்டியிடமும் அம்மாவிடமும் பெரியம்மாவிடமும். அதற்குச் சம்பளம் கிடையாது, நேரம் கிடையாது, பெயர் கிடையாது. வீணை தனம்மாள் வீட்டில் வளர்ந்த பாலசரஸ்வதிக்கு நட்டுவனார் கந்தப்பா பிள்ளை குரு என்று எல்லா நூல்களும் சரியாகவே சொல்கின்றன. ஆனால் அந்த அபிநயத்தின் பாதி தாய் ஜெயம்மாளின் பாட்டில் இருந்தது. அதை எந்தப் பதவியின் பெயரால் எழுதுவது? வீட்டுக்குள் காசில்லாமல் நடக்கிற வேலையை வேலை என்று கணக்கெடுக்காத வழக்கம் அடுப்படிக்கு மட்டும் உரியதல்ல.

இந்த வித்தியாசம் 1930களில் விலை கேட்டது.

இ. கிருஷ்ண ஐயர் ஒரு வழக்கறிஞர், சுதந்திரப் போராட்டக்காரர், பெண் வேடமிட்டு மேடையில் சதிர் ஆடியவர். 1927 சென்னை காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்து, 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் அவர் முக்கிய நிர்வாகி. 1931 மார்ச்சில் அகாடமி திருவாளப்புத்தூர் கல்யாணி அம்மாளின் மகள்களை ஆட அழைத்தது. 1932 டிசம்பரில் நாளிதழ்களில் அவருக்கும் முத்துலட்சுமி ரெட்டிக்கும் இடையே கடிதச் சண்டை நடந்தது. ஒருவர் கலையைக் காப்பாற்று என்றார், மற்றவர் இது பழையதைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருவது என்றார். அதே பருவத்தில்தான் சதிர் என்ற பெயரை விட்டு பரதநாட்டியம் என்ற பெயரை அகாடமி முன்னே கொண்டுவந்தது. 1933 தொடக்கத்தில் கல்யாணி மகள்கள் மறுபடி ஆடினார்கள்.

கிருஷ்ண ஐயர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது. அதே நேரம் அவர் ஜெயித்த வேகத்தையும் பார்க்க வேண்டும். ஒரு வக்கீல், ஒரு சபா, ஒரு ஆங்கில நாளிதழ், சாயங்காலம் ஒன்றாகக் காப்பி குடிக்கிற வட்டம். இவ்வளவு இருந்தது, ஐந்தாறு வருடத்தில் நகரத்தின் கருத்தே மாறிவிட்டது. தேவதாசிகள் கொடுத்த விண்ணப்பமும் அச்சில் வந்ததுதான், வாதமும் வலுவானதுதான். அது கோப்புக்குள் போனது. இன்றைக்குத் தொழில்முறைத் தொடர்பு, நெட்வொர்க்கிங் என்று கார்ப்பரேட் பயிற்சிகளில் நமக்கு ஸ்லைடு போட்டுக் காட்டுகிற விஷயம் இதுதான்: என்ன சொன்னோம் என்பதைவிட அது யார் வீட்டு வராந்தாவில் பேசப்பட்டது என்பது.

நாகரத்தினம்மாளுக்கு இது தெரியாமல் இல்லை. அவரும் வேறொரு இடத்தில் அதையே செய்துகொண்டிருந்தார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தைக் கொட்டி ஆலயம் எழுப்பினார். 1925இல் அங்கே குடமுழுக்கு நடந்தது. அப்படியும் ஆராதனையில் பெண்கள் பாட இடம் கிடையாது. 1927இல், அதே 1927இல், பெண்களைச் சேர்த்துத் தனி ஆராதனையே தொடங்கினார். பெண்கள் கட்சி என்றார்கள். பதின்மூன்று பதினான்கு வருடம் கழித்துப் பிரிந்திருந்த கட்சிகள் ஒன்றானபோது பெண்களுக்கும் மேடை கிடைத்தது. சங்கீதத்தில் அவர் பிடிவாதம் வென்றது. நாட்டியத்தில் வெல்லவில்லை. திருவையாற்றில் நிலமும் கட்டடமும் அவர் கையில் இருந்தன என்பதை ஒரு காரணமாகச் சொல்லலாம்.

நட்டுவனார்களுக்கு என்ன ஆனது? சதிர் நின்றால் அவர்கள் வரும்படியும் நின்றது. ஆனால் அவர்கள் கையில் இருந்தது வெளியே தெரிந்த தொழில், அதனால் மாணவர்களை மாற்றிக்கொள்ள முடிந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தேடி அந்தச் சின்ன ஊருக்கே ருக்மிணி தேவி, ராம் கோபால், மிருணாளினி சாராபாய் எல்லோரும் வந்தார்கள். ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார், 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். வழுவூர் ராமையா பிள்ளை சினிமா வரைக்கும் போனார். இதெல்லாம் சுலபமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. புது நிறுவனங்களில் அவர்கள் சம்பளக்காரர்கள். முடிவு எடுப்பவர் வேறு. ஆனாலும் குரு என்ற சொல் அவர்களோடு வந்தது.

பெண்களோடு வரவில்லை. மயிலாப்பூர் கௌரி அம்மாளைப் பாருங்கள். கபாலீஸ்வரர் கோயிலில் பணி செய்தவர். ருக்மிணி தேவிக்குச் சொல்லிக்கொடுத்தார், பாலசரஸ்வதிக்கு அபிநயம் சொல்லிக்கொடுத்தார், பிற்காலத்தில் அபிநயத்துக்கே அடையாளமாகிவிட்ட கலாநிதி நாராயணனுக்கும் சொல்லிக்கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டு பரதநாட்டியத்தில் அபிநயம் என்று நாம் பார்க்கிறதில் இந்த ஒரு அம்மாவின் கை எவ்வளவு தூரம் போகிறது என்று கோடு போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கோயில் பணி போனதோடு கோயில் கொடுத்த வீடும் போனது. கடைசிக் காலம் வறுமையில்தான்.

1947இல் சட்டம் முழுமையாக வந்தது. பொட்டுக் கட்டுவது குற்றம் என்பதோடு அது நிற்கவில்லை. கோயில் வளாகத்திலோ சாமி ஊர்வலத்திலோ பெண் ஆடுவதும், கும்பாரத்தி எடுப்பதும்கூடச் சட்ட விரோதம் என்று பெயர் சொல்லித் தடுத்தது. பொட்டுக் கட்டைத் தடுக்க இது தேவையா என்பது என் கேள்வி. குழந்தையைக் காப்பாற்றும் சட்டப் பிரிவும், வளர்ந்த பெண்ணின் வேலையைப் பறிக்கும் சட்டப் பிரிவும் ஒரே தாளில் இருந்தன. மாற்று வேலை பற்றியோ 1927இல் கேட்ட கலைப் பள்ளி பற்றியோ அந்தத் தாள் பேசவில்லை. நாட்டியப் பள்ளிகள் வரத்தான் செய்தன, நிறையவே வந்தன. கேட்டவர்களின் பெண் பிள்ளைகள் அவற்றில் அதிகம் இல்லை.

இதற்கு வேறு வழியே கிடையாதா என்றால், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பதில் இருக்கிறது. முதலில் தடை போட்ட அதே மைசூரில், ஜட்டி தாயம்மாவின் மாணவி கே. வெங்கடலட்சம்மா முப்பது வருடம் அரண்மனைக் கலைஞராக இருந்தார். மைசூர் பல்கலைக்கழகம் 1965இல் நடனத்துக்குத் துறை தொடங்கியபோது அவரை அங்கே ஆசிரியராக அமர்த்தியது. மாதச் சம்பளம், பதவி, மாணவர் பட்டியல். பட்டப்படிப்பு சான்றிதழைக் கேட்டிருந்தால் அவரால் காட்டியிருக்க முடியாது. ஒரு பல்கலைக்கழகம் கொஞ்சம் மனசு வைத்தால் போதுமாக இருந்தது. தமிழ்ப் பக்கத்திலும் விதிவிலக்குகள் உண்டு. பாலசரஸ்வதியை வைத்து மியூசிக் அகாடமி ஒரு நாட்டியப் பள்ளி நடத்தியது. வழுவூராரின் மாணவி காரைக்கால் கே.ஜே. சரசா தட்டுக்கழியைக் கையில் எடுத்து, முதல் பெண் நட்டுவனார் என்று பெயர் வாங்கினார். ஜெயலலிதாவுக்கு அவர்தான் டீச்சர்.

இப்போது கிருஷ்ணகிரியில் அரசின் மாவட்ட இசைப் பள்ளி இருக்கிறது. பரதம் அங்கே ஒரு பாடம், வாத்தியாருக்கு அரசுச் சம்பளம். அதற்கு வெளியே ஓசூர் குடியிருப்புகளில் மாடிப் போர்ஷனிலும் அபார்ட்மெண்ட் ஹாலிலும் சனி ஞாயிறு வகுப்பு எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். பி.எஃப் கிடையாது, கோடை விடுமுறை மாதத்துக்கு ஃபீஸ் கிடையாது, பிரசவம் ஆனால் வகுப்பு கலைந்துவிடும். பரதநாட்டியக் கலைஞர்களுக்கென்று சென்னையில் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. மாடிப் போர்ஷன் டீச்சருக்கும் அதற்கும் நடுவே முந்நூறு கிலோமீட்டர். இதே கிராமங்களில் பாரதக் கூத்து பழக்குகிறவரை ஊர் வாத்தியார் என்றே கூப்பிடுகிறது. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் வந்த பிறகு அவருக்கு ஒரு அட்டையாவது கிடைக்க வழி உண்டு. வீட்டில் பரதம் சொல்லிக்கொடுக்கிற பெண்ணைப் பக்கத்து வீட்டார் இன்னும் சொல்வது, "அவங்க சும்மா வீட்லதான் இருக்காங்க, டான்ஸ் சொல்லித் தராங்க."