குதிரைக் குருதியிற் பிறந்த மருந்து

தொண்டைக்கரப்பன் என்னும் பெயர் இக்கால இளைஞர் பலருக்குப் புதிதாயிருக்கலாம். மூத்தோர் அதனை அறிவர். சிறுவரின் தொண்டையிற் சாம்பல் நிறப் படலம் படர்ந்து, மூச்சை அடைத்துக் கொல்லும் கொடுநோய் அது. பிறபொருளெதிரிச் சிகிச்சையின் வரலாறு இந்நோயோடு தொடங்குவதால், அதனைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

1888 இற் பாரிசிலே றூ, யேர்சின் என்னும் இருவர், இந்நோய்க் கிருமி நஞ்சொன்றைச் சுரப்பதைக் காட்டினர். 1890 டிசெம்பரிற் பேர்லினில் எமில் வொன் பேரிங்கும், யப்பானியராகிய கிற்றசாற்றோவும் அதற்கு மேலும் ஒரு படி சென்றனர். ஏற்புவலிக் கிருமியின் நஞ்சைத் தாங்கப் பழகிய பிராணியின் குருதியிலிருந்து நீர்ப்பாயத்தை எடுத்துப் பிறிதொரு பிராணிக்கு ஏற்ற, அதுவும் அந்நஞ்சுக்குத் தப்பிற்று. நஞ்சை முறிக்கும் பொருளொன்று குருதியில் உண்டென்பது அன்று துலங்கியது. 1894 இல் றூ குதிரைகளிடம் பெற்ற நீர்ப்பாயத்தைப் பாரிசுச் சிறுவர் வைத்தியசாலையில் வழங்கினார். ஏறக்குறைய இருவரில் ஒருவர் இறந்த இடத்தில், நால்வரில் ஒருவரே இறந்தனர்.

1901 டிசெம்பரில் வைத்தியத்துக்கான முதல் நோபெற் பரிசு பேரிங்குக்குக் கிடைத்தது, கிற்றசாற்றோவுக்குப் பங்கில்லை. இது நீதியன்று என்பதே எமது எண்ணம். ஏற்புவலிக் கிருமியை முதன்முதலிற் தனித்து வளர்த்தவர் அவரன்றோ! ஆயின் அவ்வாண்டிலேயே, பரிசுக்குச் சில வாரங்கள் முன்பு, அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் நிகழ்ந்ததையும் மறத்தலாகாது. முன்னர் பால்வண்டி இழுத்த ஜிம் என்னும் குதிரை அங்கு நீர்ப்பாயம் தந்து வந்தது. ஏற்புவலி கண்டமையால் ஒக்ரோபரில் அதனைக் கொன்றனர். ஆனால் நோய் வெளிப்படுமுன் எடுத்த நீர்ப்பாயம் உரிய சோதனையின்றி வழங்கப்பட்டுவிட்டது. தொண்டைக்கரப்பனைத் தீர்க்க ஏற்றிய மருந்தே ஏற்புவலியைக் கொணர, 13 குழந்தைகள் மாண்டனர். இத்தகைய மருந்துகளை மேற்பார்வை செய்யும் சட்டம் 1902 இல் அங்கே பிறந்தது.

பின்வந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். 1975 இற் கேம்பிரிச்சிற் கோலரும் மில்ஸ்ரைனும், பிறபொருளெதிரி சுரக்கும் எலிக் கலத்தை ஓயாது பெருகும் புற்றுக் கலத்தோடு இணைத்து, ஒரேவகைப் பிறபொருளெதிரியை வேண்டியளவு பெற்றனர். 1990 செத்தெம்பர் 14 இல் அமெரிக்காவில், 4 வயதுச் சிறுமியொருத்தியின் வெண்குருதிக் கலங்களை வெளியே எடுத்து, பழுதுற்ற பரம்பரையலகின் நல்ல பிரதியை அவற்றுட் புகுத்தி மீண்டும் ஏற்றினர். அவள் பிழைத்தாள். நொதிய மருந்தையும் உடன் பெற்றமையால், வெற்றி முழுவதையும் பரம்பரையலகுக்கே சூட்டுதல் பொருந்தாது. 1999 இற் பிலடெல்பியாவில் இத்துறைப் பரிசோதனைக்குத் தாமாக முன்வந்த 18 வயது இளைஞரொருவர், நான்காம் நாள் இறந்தார். எமது சங்கத்து இளையோரின் வயதுதான்! 2023 இறுதியில், அரிவாட்கல நோய்க்குப் பரம்பரையலகைத் திருத்தும் சிகிச்சையைப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அனுமதித்தன.

இவ்வளவுக்கும் பின்னர் குதிரை ஓய்வு பெறவில்லை. எமது நாட்டில் வயலிற் பாம்பு தீண்டிய கமக்காரனுக்கு ஏற்றும் மருந்து, இந்தியாவிற் குதிரைகளின் குருதியிலிருந்து எடுக்கப்படுவதே. நாகம், கண்ணாடி விரியன் முதலிய நான்கு பாம்புகளின் நஞ்சை நோக்கி ஆக்கப்பட்டது அது. சிங்களத்திற் ‘குணகட்டுவா’ என வழங்கும், மூக்கு மேல்நோக்கி உயர்ந்த சிறு விரியன் அந்நான்கிற் சேரவில்லை. அப்பாம்போ இத்தீவிற் பலரைத் தீண்டுவது.