பஸ் போன பிறகு வந்த நீதி

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசிக்கிறவர்கள் 40ஆம் பிரிவில கொஞ்சம் நிண்டு போகவேணும். தேசிய பாதுகாப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, குற்ற விசாரணை போன்ற காரணங்களுக்காக விதிவிலக்கு அளிக்கலாம் என்கிறது அது.

கொழும்புத் தமிழருக்கு இந்தச் சொற்கள் புதிதில்லை. 1983 யூலையில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தன. வாக்களிக்கவெண்டு எழுதின பட்டியல் அது.

பிறகு போர்க்காலம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளிலும் லொட்ஜுகளிலும் யார் தங்கியிருக்கினம் எண்டு பொலிஸில பதியவேணும். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினார்கள். சொன்ன காரணம் பாதுகாப்பு. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் 2008 செப்டெம்பரில், ஐந்து வருடத்துக்குள் வடக்கிலிருந்து வந்தவர்கள் பதியவேணும் எண்டு திரும்பவும் அறிவித்தல் வந்தது.

விதிவிலக்கே கூடாது எண்டு நாங்கள் சொல்லேல்லை. அதே 40ஆம் பிரிவு, விதிவிலக்கு சட்டத்தில் எழுதப்பட்டிருக்கவேணும், அவசியமானதாகவும் அளவுக்கேற்றதாகவும் இருக்கவேணும் என்றும் சொல்லுது. நாங்கள் பிடிச்சுக்கொள்ள வேண்டிய இடம் அதுதான். ஆர் கேட்கினம், எதுக்கு, எவ்வளவு காலம் வைச்சிருப்பினம்? பட்டியல் எடுக்கிறவரே இதுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. தீர்ப்பு முன்னமே வரவும் வேணும். 2007இல் தடையுத்தரவு வந்தபோது பஸ் போயிட்டுது.