பாவா வழியும் மாமா வழியும்

தஃப்ஸீர் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், மாணவர் ஒருவர் நம்மை நோக்கி, "ஹஜ்ரத்! ஆதம் நபி (அலை) அவர்கள் சுவனத்திலிருந்து இறங்கிய இடம் ஸரந்தீப் மலைதான் என்பது உறுதியா?" என்று வினவினார். ஆதம் நபி பூமிக்கு இறக்கப்பட்டதைத் திருமறை கூறுகின்றது. இடத்தின் பெயரைக் கூறவில்லை. ஸரந்தீப் என்பது இமாம் தபரீ (மறைவு ஹிஜ்ரி 310) போன்றோர் திரட்டிய பழைய அறிவிப்புகளில் வரும் செய்தி. நம்பியே ஆகவேண்டிய கடமைகளுள் அது சேராது. இவ்வாறு விடை பகர்ந்தோம். "அங்ஙனமாயின், அம்மலைக்கு நடந்த முன்னோர் அனைவரும் வீண் நடையா நடந்தார்கள்?" என்று அவர் மீண்டும் கேட்டார். அதற்கு நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

இலங்கையின் மலைநாட்டில் 2,243 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது அம்மலை. அதன் உச்சிப் பாறையில் பாதச்சுவடு போன்ற ஒரு பள்ளம் உண்டு. பௌத்தர் அதனைப் புத்தரின் அடி என்பர். சைவர் சிவபெருமானின் அடி என்று கொண்டு, மலையைச் சிவனொளிபாதமலை என்பர். நம்மவர் பாவா ஆதம் மலை என்பர். ஹிஜ்ரி 237இல் (கி.பி. 851) எழுந்த சீன, இந்தியச் செய்திகள் பற்றிய அரபு நூலிலேயே இம்மலையும் ஆதம் நபியின் சுவடும் குறிக்கப்பட்டுள்ளன. அரபு மாலுமிகளும் வணிகரும் அத்துணைக் காலமாக இதனை அறிந்திருந்தனர்.

இம்மலையேற்றத்தை விரிவாகச் சொன்னவர் தன்ஜா நகரத்து இப்னு பதூதா. அவர் 1344ஆம் ஆண்டு மாலத்தீவிலிருந்து மஅபர் என்னும் நம் தமிழகக் கரைக்குப் புறப்பட்டார். காற்று கலத்தைத் திசைமாற்றி இலங்கையிற் சேர்த்தது. புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, வேண்டுவது யாது எனக் கேட்டான். ஆதம் நபியின் பாதத்தைக் காண்பதன்றி வேறு விருப்பம் இல்லை என்றார் பயணி. மன்னன் பல்லக்கு ஒன்றும், அதனைச் சுமப்போரும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், தன் தோழர் பதின்மரும், உணவு சுமக்கப் பதினைவரும் தந்து அனுப்பினான். மார்க்கம் வேறான இவர்கள் ஒரே வழியில் நடந்தனர் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

வழி எளிதன்று. நீர்நிலைகளை அடுத்த மரங்களிலும் புல்லிலும் அட்டைகள் காத்திருந்து ஆள்மேற் பாய்ந்தன. அவற்றை விழச்செய்ய யாத்திரிகர் எலுமிச்சம்பழம் கொண்டு சென்றனர். நீண்ட வாலுடைய கருங்குரங்குகள் காடெங்கும் இருந்தன. இலை உதிராத மரங்களையும், பல நிறப் பூக்களையும், உள்ளங்கை அளவு செந்நிற ரோஜாவையும் அவர் கண்டார். அம்மலரில் அல்லாஹ்வின் பெயரும் பெருமானார் (ஸல்) அவர்களின் பெயரும் எழுதப்பட்டிருப்பதாக மக்கள் கூறினர். அதனை மக்களின் கூற்றாகவே எழுதுகின்றார் இப்னு பதூதா. ஒரு முதுமரத்தின் இலையை உண்டால் இளமை திரும்பும் என்று யோகிகள் சொன்னதையோ, பொய் என்று ஒதுக்கிவிடுகின்றார். பக்தியோடு நடந்தவர், அறிவை ஊரில் விட்டுவிட்டு வரவில்லை.

இவ்வழியைத் திறந்தவர் என்று அவர் குறிப்பிடுவது ஷீராஸ் நகரத்து ஸூஃபி ஷைகு இப்னு கஃபீஃப் (மறைவு ஹிஜ்ரி 371) அவர்களை. ஷைகு ஏறத்தாழ முப்பது ஃபகீர்களுடன் இம்மலைக்கு வந்தபோது, வழி தப்பிப் பசியால் வாடினர். யானைக்கன்று ஒன்றைப் பிடித்து உண்ண ஃபகீர்கள் அனுமதி கேட்டனர். ஷைகு தடுத்தார், அவர்கள் கேளாமல் உண்டனர். இரவில் யானைகள் திரண்டு வந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷைகை முகர்ந்த யானையோ அவரைத் தும்பிக்கையால் தூக்கி முதுகில் ஏற்றி, மக்கள் வாழும் இடத்தில் கொண்டு சேர்த்தது. அது முதல் அந்நாட்டார் முஸ்லிம்களைக் கண்ணியப்படுத்தலாயினர் என்பது அவர் கேட்டு எழுதிய வரலாறு. நடந்தபடியே நடந்ததா என்று நாம் வாதிட வேண்டுவதில்லை. கானகத்தில் விருந்தினராய்ப் புகுவோர் கையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதை யாத்திரிகர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். அதுவே நமக்குப் போதும்.

இனி, மாணவரின் கேள்விக்கு விடை தரும் இடத்திற்கு வருகின்றோம். உச்சிக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஆதமை நினைந்து ஒன்றனைப் பாவா வழி என்றும், ஹவ்வாவை நினைந்து மற்றொன்றனை மாமா வழி என்றும் அழைத்தனர். மாமா வழி எளியது, இறங்குவதற்கு உரியது. அவ்வழியே ஏறியவரை, ஸியாரத் செய்தவராகவே மக்கள் எண்ணவில்லை என்கின்றார் இப்னு பதூதா. இரண்டு வழியும் ஒரே சுவட்டில் அன்றோ முடிகின்றன? சுவடு மட்டுமே பொருளாயின், எளிய வழி ஏன் கணக்கில் சேரவில்லை? நடையிலேயே ஸியாரத் இருந்தது என்பதை அக்காலத்து எளிய யாத்திரிகரும் உணர்ந்திருந்தனர் என்பதன்றி இதற்கு வேறு விளக்கம் நமக்குத் தோன்றவில்லை.

பாவா வழியில் பாறையில் படிகள் வெட்டி, இரும்பு முளைகள் அறைந்து, பத்துச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்தனர். பத்தாவதன் பெயர் ஷஹாதத் சங்கிலி. அதனை எட்டியவர் கீழே நோக்குவார். விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் பற்றும். வாய் தானே கலிமாவை மொழியும். சிறுவயதில் மடியிலிருந்து ஓதக் கற்ற கலிமா, நாள்தோறும் நாவில் பழகி எடை குறைந்துபோன கலிமா, அங்கே முழு எடையோடு வெளிவந்தது. மன்னன் தந்த பல்லக்கு அவ்விடத்தில் என்ன செய்யும்? இரும்பைப் பற்றிய கையும் இறைவனைப் பற்றிய நெஞ்சுமே துணை.

அதற்கு மேல் கிள்ரு (அலை) பெயரால் ஒரு குகையும் சுனையும். சுனை நிறைய மீன்கள். எவரும் அவற்றைப் பிடிப்பதில்லை. அங்கே மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் உச்சிக்குச் சென்று வருவது வழக்கம். இப்னு பதூதாவும் அவ்வாறே செய்தார். பாதத்தின் நீளம் பதினொரு சாண் என்று எழுதினார். மேகங்கள் தமக்குக் கீழே தவழ்ந்து மலையடிவாரத்தை மறைத்ததையும் எழுதினார்.

ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் நோக்குமாறு திருமறை நம்மை ஏவுகின்றது. அக்கட்டளைக்கு ஸரந்தீப் வரை செல்ல வேண்டுவதில்லை. ஊர்ப்புறத்துக் கண்மாய்க் கரையில் ஃபஜ்ருக்குப்பின் நடப்பவருக்கும் அது உரியது. கையை அடக்கி, கண்ணைத் திறந்து, எளிய வழியை மட்டும் நாடாமல் நடக்க வேண்டும். சுவடு யாருடையது என்பதை அல்லாஹ்வே அறிவான். நடந்தவர் வீண் நடை நடக்கவில்லை என்று அம்மாணவருக்கு இப்போது சொல்வோம்.