வாளியிலிருந்து குழாய்வரை: ஆறும் கடலும் தூய்மையான வரலாறு



சிங்கப்பூர் ஆற்றின் தூய்மைப் பணியைப் பற்றிக் கூறும்போது, குப்பை அகற்றப்பட்டது, தூர் வாரப்பட்டது, மீன்கள் திரும்பின என்று சுருக்கமாக முடித்துவிடுகிறோம். அவ்வரலாற்றின் முக்கியமான பகுதி ஒவ்வொரு வீட்டின் கழிப்பறையிலும் நிகழ்ந்தது என்பதை மாணவர்கள் அறிவது நன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள பெரும்பாலான வீடுகளில் வாளிக் கழிப்பறைகளே இருந்தன. நகரின் சுகாதாரக் கேட்டை ஆராய்ந்த பேராசிரியர் சிம்சனின் அறிக்கை 1907இல் வெளிவந்தது. 1910களில் முதல் கழிவுநீர்க் குழாய்த் திட்டம் நிறைவேறியது. எனினும் அதன் பயன் நகரின் ஒரு பகுதிக்கே கிட்டியது. பிற இடங்களில் வாளிகளும் குழிகளும் செப்டிக் தொட்டிகளும் நீடித்தன. கம்பங்கள் சிலவற்றில் ஓடைக்கு மேலேயே கழிப்பறை கட்டப்பட்டிருந்தது. அவ்வோடைகள் காலாங் ஆற்றில் கலந்து கடலை அடைந்தன. கடல் ஏற்றத்தின்போது அழுக்குநீர் மீண்டும் உள்ளே வந்தது. வற்றத்தின்போது துர்நாற்றம் வீசியது.

1977 பிப்ரவரியில், மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பேசிய பிரதமர் லீ குவான் இயூ, பத்தே ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்றார். அதற்கு ஆற்றை மட்டும் சுத்தம் செய்வது போதாது. கழிவு வந்துசேரும் வழிகளை அடைக்க வேண்டியிருந்தது. மழைநீர் கால்வாய் வழியாக ஆற்றுக்கும், வீட்டுக் கழிவுநீர் நிலத்தடிக் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் செல்லவேண்டும் என்பதே அடிப்படை விதி. 1975ஆம் ஆண்டின் நீர்மாசுக் கட்டுப்பாட்டு, வடிகால் சட்டம் இதற்குத் துணைநின்றது. 1987 ஜனவரியில் வாளிக் கழிப்பறை முறை முற்றிலும் முடிவுக்கு வந்தது.

இச்சாதனைக்கு விலை கொடுத்தவர்களையும் மறத்தலாகாது. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இடம் மாறின. அவற்றுள் பல வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. காலாங் வட்டாரத்தின் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. சுமார் 5,000 தெருவோர வணிகர்கள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். 1983இல் தொங்கான் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி செலவானது என்பர். தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழிலை இழந்தவர்களின் வேதனை அக்கணக்கில் சேராது.

2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபின், அவ்விரு ஆறுகளும் சேரும் கழிமுகம் நன்னீர்த் தேக்கமாயிற்று. ஒருகாலத்தில் மலம் மிதந்த நீரோட்டம் இன்று நம் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. ஆகவே, வீட்டருகே உள்ள மழைநீர்க் கால்வாயில் எண்ணெயையோ குப்பையையோ கொட்டுபவர் தம் குவளையிலேயே கொட்டுகிறார் எனலாம்.

ஆசிரியர்களே, அடுத்த முறை இப்பாடம் வரும்போது மாணவர்களைக் கால்வாயருகே அழைத்துச் சென்று, “இந்த நீர் எங்கே போகிறது?” என்று கேளுங்கள். பெற்றோர்களே, கம்பத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் வாளிக் காலத்தைப் பற்றிப் பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். பாடநூலில் இல்லாத வரலாறு அவர்களிடம் உள்ளது. கேட்பதற்குக் காலம் குறைந்துகொண்டே வருகிறது.