நீதிமன்றம் தந்த பாடம்

கல்லூரியில் வரலாறு பயில்பவரும் வணிகவியல் பயில்பவரும் சுற்றுச்சூழல் பாடத்திலும் தேர்வு எழுதுவதைக் கண்டிருப்பீர்கள். இப்பாடம் எப்படி வந்தது, தெரியுமா?

இயற்கைச் சூழலைக் காப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் நமது அரசியல் சட்டத்தில் சேர்த்தது. ஆனால் அறியாத கடமையை மக்கள் எவ்வாறு ஆற்றுவர்? வழக்கறிஞர் எம். சி. மேத்தா இதற்காகப் பொதுநல வழக்குத் தொடுத்தார். 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரையரங்குகள் காட்சிதோறும் சுற்றுச்சூழல் சிலைடுகளை இலவசமாகக் காட்ட வேண்டும் என்றது. கல்லூரிகளில் இதனைப் பாடமாக்க ஆவன செய்யுமாறு பல்கலைக் கழக மானியக் குழுவிடம் கூறியது.

ஆண்டுகள் பல கடந்தன. 2003-இல் நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்தியது. மானியக் குழு உருவாக்கிய ஆறு மாதப் பாடத்திட்டம் 2004-05 கல்வியாண்டு முதல் எல்லா இளநிலை வகுப்புகளுக்கும் உரியதாயிற்று.

அதில் எட்டு அலகுகள் இருந்தன. எட்டாவது அலகு களப்பணி. அருகிலுள்ள ஆற்றையோ குளத்தையோ மாசடைந்த இடத்தையோ மாணவர் நேரில் கண்டு எழுத வேண்டும். 100 மதிப்பெண்களில் 25 இதற்கே!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா? உங்கள் ஊர்க் குளத்தில் கழிவுநீர் எவ்வழியாகக் கலக்கிறது என்பது எந்தப் புத்தகத்திலும் இராது. வரும் விடுமுறையில் நீங்களே சென்று பாருங்கள்.